பக்கவாட்டுத் தொடக்கமும் பெயரின் வரலாறும்

மலையகத் தோட்டங்கள் பலவற்றுக்கு இரு பெயர்கள் உண்டு. ஒன்று கம்பனியின் கணக்கேட்டிலும் அரசாங்கப் படத்திலும் காணப்படும் பெயர். மற்றது தொழிலாளர் நாவில் தலைமுறை தலைமுறையாக வழங்கும் பெயர். ஊவா மாகாணத்தின் எல்லப் பகுதியிலுள்ள நியூபேர்க், கினெலன் போன்ற தோட்டப் பெயர்கள் கடல் கடந்த தேசத்து ஊர்களை நினைவூட்டுவன. எழுத்தில் ஏறிய பெயர் நிலைத்துவிடுகிறது. நாவில் மட்டும் வாழும் பெயரோ அதனை வழங்கிய மக்கள் இடம்பெயரும்போது அவர்களோடு மறைந்துவிடுகிறது. எனவே ஒரு பொருளுக்குப் பெயர் வழங்கிய வரலாற்றை ஆராய்வோர், அப்பெயரை எழுதிய கை எவருடையது என்பதையும் ஆராய வேண்டியவராகின்றனர்.

இவ்வுண்மை நிலத்துக்கும் தோட்டத்துக்கும் மட்டும் உரியதன்று. அறிவுத்துறைகள் யாவற்றுக்கும், ஏன், விளையாட்டுக்கும் கூட இது பொருந்தும். இந்தியாவிலே தோன்றி, பாரசீகம் அரேபியா வழியாக ஐரோப்பாவை அடைந்து, அங்கே விதிகள் மாற்றம் பெற்று, மீண்டும் ஆங்கிலேயர் வழியாக இந்தியாவுக்குத் திரும்பிய ஆட்டம் சதுரங்கம். அவ்வாட்டத்தில் ‘பக்கவாட்டுத் தொடக்கம்’ எனப்படும் முறையின் வரலாற்றை நோக்கி, அதன் பெயர்களுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் ஒரு வங்காளியின் இடத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மையமும் பக்கமும்

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுள் நடுவில் அமைந்த 4 கட்டங்களும் ‘மையம்’ எனப்படும். மையத்தில் நிற்கும் காய் பலகையின் எப்பகுதிக்கும் விரைந்து செல்லவல்லது. ஓரத்தில் நிற்கும் காயின் ஆற்றல் குறுகிவிடுகிறது. ஆதலால் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அரசனுக்கும் அரசிக்கும் முன்னுள்ள காலாட்களை இரண்டு கட்டம் முன்னேற்றி மையத்தைக் கைப்பற்ற வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஆசான்கள் வகுத்த நெறி. ஜேர்மனியரான சீக்பேர்ட் தராஷ் (1862–1934) இந்நெறியை ஏறத்தாழ ஒரு சட்டமாகவே போதித்து வந்தார்.

பக்கவாட்டுத் தொடக்கம் இதற்கு வேறான வழியைப் பின்பற்றுகிறது. இதனைக் கையாள்பவர் மையத்தில் உடனே காலாட்களை நிறுத்துவதில்லை. குதிரையை வெளிக்கொணர்வர், குதிரை நின்ற வரிசையிலுள்ள காலாளை ஓரடி நகர்த்துவர், அக்காலாள் முன்னர் நின்ற கட்டத்தில் மந்திரியை அமர்த்துவர். அங்கிருந்து மந்திரி பலகையின் மூலைக்கு மூலை செல்லும் நெடுங்கோட்டை ஆள்கிறது. இத்தாலிய மொழியில் இவ்வமைப்புக்குப் ‘பியங்கெற்றோ’ என்று பெயர். ‘சிறிய பக்கம்’ என்பது அதன் பொருள். எதிரி மையத்தில் காலாட்களைக் குவிக்கும்வரை பொறுத்திருந்து, குவிந்தபின் அவற்றையே இலக்காக்கித் தாக்குவது இம்முறையின் உட்கருத்து. மையத்தைப் பிடித்தல் வேறு, மையத்தை ஆளுதல் வேறு என்னும் தெளிவே இதன் அடிப்படை எனலாம்.

நேராகச் செல்ல முடியாத இடத்துக்குச் சுற்றிச் செல்வது பின்வாங்குதலாகாது என்பதை ஊவாவின் இருப்புப்பாதையை அறிந்தோர் எளிதில் உணர்வர். எல்லவிலிருந்து பதுளை நோக்கி இறங்கும் புகையிரதம் தெமோதரை நிலையத்தைக் கடந்ததும் மலையைச் சுற்றி வளைந்து, அந்நிலையத்துக்கு நேர்கீழே அமைந்த சுரங்கத்தின் வழியாக வெளிப்படுகிறது. செங்குத்தான சரிவில் நேரே இறங்க இயலாத வண்டி, சுற்றை நீட்டித்து உயரத்தைக் குறைத்துக்கொள்கிறது. பண்டாரவளையை 1894ஆம் ஆண்டிலேயே எட்டிய இப்பாதை, இத்தகைய தடைகளைக் கடந்து பதுளையை எட்டியது 1924ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டில், உலகின் மறுகோடியில், சதுரங்கப் பலகையிலும் ஒரு சுற்றுவழி தன் வலிமையை நிலைநாட்டியது.

நியூயோர்க், 1924

1924ஆம் ஆண்டு மார்ச் 16 முதல் ஏப்ரல் 18 வரை நியூயோர்க் நகரில் நடந்த சுற்றுப்போட்டியில் 11 பேர் பங்குபற்றினர். ஒவ்வொருவரும் ஏனையோருடன் இருமுறை மோதினர். அவர்களுள் கியூபா நாட்டினரான கபபிளாங்கா அப்போது உலக வெற்றியாளராக இருந்தார். 1916ஆம் ஆண்டுக்குப் பின் எட்டாண்டுகளாக எவரிடமும் தோல்வியுறாதவர் அவர்; அவரை ‘சதுரங்க இயந்திரம்’ என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. மார்ச் 22ஆம் திகதி நடந்த ஐந்தாம் சுற்றில் அவருக்கு எதிரே அமர்ந்தவர் றிச்சாட் ரெற்றி. 1889இல் அன்றைய ஹங்கேரி இராச்சியத்தில் பிறந்து, பின்னர் செக்கோசிலோவாக்கிய நாட்டினரான இவர், தராஷின் நெறியை மறுத்து எழுந்த ‘அதிநவீனர்’ குழுவின் முன்னோடிகளுள் ஒருவர்.

வெள்ளைக் காய்களைக் கொண்ட ரெற்றி முதல் நகர்வில் குதிரையை வெளிக்கொணர்ந்தார். இரண்டாம் நகர்வில் அரசி பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள காலாளையும், மூன்றாம் நகர்வில் அதே பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள காலாளையும் இரண்டிரண்டு கட்டம் முன்னேற்றினார். அடுத்து இரு மந்திரிகளையும் இரு பக்கங்களிலும் நெடுங்கோடுகளில் அமர்த்தினார். 15 நகர்வுகள் வரை அவருடைய காலாள் எதுவும் மையக் கட்டங்களை மிதிக்கவில்லை. 16ஆம் நகர்விலேதான் அரசிக்கு முன்னுள்ள காலாள் மையத்தில் கால்வைத்தது. அந்த ஓரடியால் அதுவரை அடைபட்டிருந்த கோடுகள் யாவும் திறந்தன.

20ஆம் நகர்வில் கபபிளாங்கா தம் அரசியால் ஒரு காலாளை வெட்டினார். அது பயனற்ற வேட்டையாக முடிந்தது. நெடுங்கோட்டில் நின்ற மந்திரிகள் ஒன்றையொன்று வெட்டி அகன்றதும், காவலிழந்த கறுப்பு அரசனை நோக்கி அதே கோட்டில் வெள்ளை அரசி வந்து நின்றது. தொடர்ந்து ரெற்றியின் கோட்டை ஒன்று எதிரியின் காலாளை வெட்டி உட்புகுந்தது. மற்றக் கோட்டை அதற்குத் துணையாக நின்றது. குதிரைகள் மையத்தில் ஏறின. கறுப்பு அரசி இடம்விட்டு இடம் ஓடி, தங்க இடமின்றித் தவித்தது. 31ஆம் நகர்வில் ரெற்றியின் கோட்டை அதனை மீண்டும் தாக்கியபோது கபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

போட்டியில் முதலிடம் பெற்றவர் 20 ஆட்டங்களில் 16 புள்ளிகள் ஈட்டிய இமானுவேல் லஸ்கர். கபபிளாங்கா 14½ புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தையும், ரெற்றி 10½ புள்ளிகளுடன் ஐந்தாம் இடத்தையும் பெற்றனர். எனினும் ஐந்தாம் இடத்தவரின் அந்த ஓர் ஆட்டம் நூறாண்டு கடந்தும் பயிலப்படுகிறது. குதிரையை முதலில் நகர்த்தி மையத்தைப் பக்கத்திலிருந்து தாக்கும் தொடக்கம் ‘ரெற்றி தொடக்கம்’ என்று அவர் பெயரையே தாங்கிற்று. ரெற்றி 1929 ஜூன் 6ஆம் திகதி பிராக் நகரில் காய்ச்சலுற்று இறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதே.

கல்கத்தாவில் ஒரு முன்னோடி

நியூயோர்க் ஆட்டத்தை ‘புதுமை’ என்று மட்டும் கூறி அமைவது வரலாற்றுக்குப் பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை காண 70 ஆண்டுகள் பின்னோக்கிக் கல்கத்தாவுக்குச் செல்லுதல் வேண்டும்.

ஜோன் கொக்ரேன் (1798–1878) ஸ்கொத்லாந்தைச் சேர்ந்தவர். கல்கத்தாவில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். ஆங்கில சதுரங்க வல்லுநருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில், எவரிடமும் தோற்காத சதுரங்க ஆட்டக்காரர் ஒருவர் உள்ளார் என்னும் செய்தி 1848ஆம் ஆண்டளவில் கல்கத்தாச் சதுரங்கக் கழகத்தை எட்டியது. அவரே மகேசசந்திர பானர்ஜி. கொக்ரேனுடன் அவர் அடுத்த பன்னிரண்டு ஆண்டளவில் ஆடிய ஆட்டங்கள் பல எழுத்தில் பதிவாகி, இங்கிலாந்தின் சதுரங்க இதழ்களிலும் இடம்பெற்றன.

அப்பதிவுகளைப் பயில்வோரை வியப்பில் ஆழ்த்துவது ஒன்றுண்டு. ஐரோப்பியர் தயங்காது மையத்தில் காலாட்களை ஏற்றிய காலத்தில், மகேசசந்திரர் குதிரைக்கு முன்னுள்ள காலாளை ஓரடி நகர்த்தி, மந்திரியை அதன் பின் அமர்த்தி, எதிரியின் மையத்தைத் தொலைவிலிருந்து தாக்கினார். 1855ஆம் ஆண்டின் ஓர் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் அவர் கையாண்ட அமைப்பு, 1922இல் ஒஸ்திரிய வல்லுநரான ஏர்ணஸ்ட் குருன்பெல்ட் அறிமுகம் செய்து இன்று ‘குருன்பெல்ட் தற்காப்பு’ என வழங்கும் அமைப்பே ஆகும். இரண்டுக்கும் இடையே 67 ஆண்டுகள் உள்ளன. 1855 ஆட்டத்தில் வென்றவர் கொக்ரேன் என்பதையும் கூறல் வேண்டும். தம் அரசியையே பலியிட்டுக் குதிரையால் அரசனை மடக்கும் அழகிய முடிவு அவருடையது. இருவரும் ஆடிய ஆட்டங்களிலும் கூடுதலாக வென்றவர் கொக்ரேனே. தோற்றவரின் ஆட்டத்திலும் வருங்காலம் மறைந்திருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மகேசசந்திரர் இவ்வழியைத் தெரிந்தமைக்குக் காரணம் என்ன? இந்தியாவில் அன்று வழங்கிய ஆட்ட விதிகள் பகுதிக்குப் பகுதி வேறுபட்டன. எனினும் காலாள் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லலாம் என்பது அவற்றில் பரவலாகக் காணப்பட்ட விதி. ஐரோப்பிய விதியின்படி மையக் காலாள் ஒரே நகர்வில் இரண்டு கட்டம் பாயும். அங்கே குதிரைக் காலாளை ஓரடி நகர்த்துபவர் காலத்தை இழப்பவராகத் தோன்றுவார். எல்லாக் காலாட்களும் ஓரடியே நகரும் இந்திய முறையில் அத்தகைய இழப்பு இல்லை. ஓரடியில் மந்திரிக்கு நெடுங்கோடு திறக்கிறது என்ற ஆதாயமே எஞ்சும். இம்மரபில் பயின்ற ஒருவர் ஐரோப்பிய விதிக்கு மாறிய பின்னரும் பழகிய அமைப்பையே நாடியிருப்பார் என்று கருதுவது பொருத்தமுடையது. ஐரோப்பியர் கண்ணுக்கு வினோதமாகத் தோன்றியது, வேறொரு விதியின் கீழ் விளைந்த முதிர்ந்த அறிவாக இருந்தது.

அடைமொழியாகிய மனிதர்

இவ்வமைப்புகளை ஐரோப்பியர் ‘இந்தியத் தற்காப்பு’ என்று அழைத்தனர். 1920களில் அவை பெருவழக்குப் பெற்றபோது ‘அரசன் இந்தியத் தற்காப்பு’, ‘அரசி இந்தியத் தற்காப்பு’, ‘நிம்சோ இந்தியத் தற்காப்பு’ எனப் பெயர்கள் பெருகின. நிம்சோவிச், குருன்பெல்ட், ரெற்றி ஆகியோருக்குத் தனிப்பெயர் கிட்டியது. மகேசசந்திரருக்கோ நாட்டின் பெயரே அடைமொழியாகக் கிட்டியது. அன்றைய ஆங்கிலப் பதிவுகளில் அவர் சாதியால் ‘பிராமணர்’ என்று சுட்டப்பட்டதும் உண்டு. அவரைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி கொக்ரேன் வழியாக வந்தனவே. பதிவேடு எவர் கையில் இருந்ததோ அவர் கண்ட அளவிலேயே அவர் நமக்குக் கிடைக்கின்றார்.

இங்கே நடுநிலை தவறுதலும் கூடாது. பக்கவாட்டு முறை முழுவதும் இந்தியருக்கே உரியது என்று உரிமை கோருதல் உண்மையாகாது. பியங்கெற்றோ என்ற இத்தாலியச் சொல்லே ஐரோப்பியர் அவ்வமைப்பை அறிந்திருந்தமைக்குச் சான்று. 1843இல் பாரிஸ் நகரில் பிரெஞ்சு வல்லுநர் செந்த் அமான்டுடன் மோதிய ஹவாட் ஸ்ரோண்டன், மந்திரிக் காலாளை முதலில் நகர்த்தும் பக்கவாட்டுத் தொடக்கத்தைப் பல ஆட்டங்களில் கையாண்டார். அது ‘ஆங்கிலத் தொடக்கம்’ என வழங்குகிறது. ரெற்றியின் முதல் நகர்வும் அவருக்கு முன்பே சூக்கர்டோர்ட் என்பவர் பெயரோடு இணைந்திருந்தது. ரெற்றியும் அவர் தோழரும் செய்த பணி வேறு வகையினது: சிதறிக் கிடந்த வழக்கத்துக்கு அவர்கள் ஒரு கோட்பாட்டை வழங்கினர், ஏன் அவ்வாறு ஆட வேண்டும் என்பதை நூலாக எழுதினர். செயல் கல்கத்தாவிலும் இருந்தது. நூல் ஐரோப்பாவில் எழுந்தது. நூல் எழுதியவர் பெயர் நிலைத்தது.

இதே நிலையை மீர் சுல்தான் கானின் வாழ்விலும் காணலாம். பஞ்சாபில் பிறந்து இந்திய விதிகளில் ஆடிப் பழகிய இவர், சேர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் இங்கிலாந்து சென்று அவ்வாண்டே பிரித்தானிய வெற்றியாளரானார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். 1930ஆம் ஆண்டு முடிவில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபபிளாங்காவையே வீழ்த்தினார். அவ்வாட்டத்தில் கபபிளாங்கா கையாண்டது ‘அரசி இந்தியத் தற்காப்பு’ என்பது வரலாற்றின் விந்தை. இந்தியாவின் பெயர் தாங்கிய தற்காப்பை மேற்கத்தியர் ஆட, அதனை உடைத்தவர் இந்தியர். 1933இல் அவர் நாடு திரும்பினார்; அதன்பின் சர்வதேசப் போட்டிகளில் அவர் பெயர் மறைந்தது. 1966இல் பாகிஸ்தானில் அவர் இறந்தார். சர்வதேச சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை அவருக்கு வழங்கியது 2024ஆம் ஆண்டிலாகும். அதற்குள் அவர் இறந்து 58 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

சென்னைக்கு வந்த தொடக்கம்

இந்திய விதிகள் படிப்படியாக வழக்கொழிய, சர்வதேச விதிகள் பரவிய காலத்தில் தமிழகம் முன்னணிக்கு வந்தது. பர்மாவிற் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் ஆனார். 1959 முதல் 1981 வரையான காலத்தில் 9 முறை தேசிய வெற்றியாளராக விளங்கினார். 1972இல் சென்னையிலிருந்த சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகம் தோன்றியது. அங்கே பயின்ற விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட் மாஸ்டராகி, பின்னர் ஐந்து முறை உலக வெற்றியாளரானார். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், இத்தலைமுறையினர் சர்வதேச விதிகளில் ஆடியதோடு தம் ஆட்டங்களைத் தாமே எழுதினர். கழகமும் இதழும் நூலும் அவர்கள் வசமாயின.

2013 நவம்பரில் ஆனந்த் தம் பட்டத்தைக் காக்க நோர்வேயின் மக்னஸ் கார்ல்சனைச் சென்னையிலேயே சந்தித்தார். நவம்பர் 9ஆம் திகதி நடந்த முதல் ஆட்டத்தில் கார்ல்சன் கையிலெடுத்தது ரெற்றி தொடக்கமே. முதல் நகர்வில் குதிரை; இரண்டாம் நகர்வில் குதிரைக் காலாள் ஓரடி. ஆனந்த் தாமும் அதே அமைப்பால் விடையிறுத்தார். 16 நகர்வுகளில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மூன்றாம் ஆட்டத்திலும் கார்ல்சன் அதே தொடக்கத்தை நாடினார். இம்முறை சுற்றுவழியின் இடரும் வெளிப்பட்டது. மையத்தை விட்டுக்கொடுத்த வெள்ளை, 25ஆம் நகர்வில் தன் அரசியையே பலகையின் ஒரு மூலைக் கட்டத்தில் ஒதுக்க நேர்ந்தது. 29ஆம் நகர்வில் ஒரு காலாளை வெட்டும் வாய்ப்பை ஆனந்த் ஏற்கவில்லை. 51 நகர்வுகளில் அதுவும் சமநிலையாயிற்று. போட்டியை 6½–3½ என்னும் கணக்கில் கார்ல்சன் வென்றார்.

பதினோராண்டுகளின் பின், 2024 டிசெம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியின் 14ஆம் ஆட்டமும் பக்கவாட்டுத் தொடக்கமாகவே அமைந்தது. சீனாவின் டிங் லிரென் குதிரையை முதலில் நகர்த்தி, மந்திரியை நெடுங்கோட்டில் அமர்த்தினார். நிறம் மாறிய குருன்பெல்ட் என்று கூறத்தக்க அவ்வமைப்பு, கல்கத்தாவில் மகேசசந்திரர் கறுப்பில் ஆடியதன் வெள்ளை வடிவம். எதிரே அமர்ந்தவர் சென்னையைச் சேர்ந்த 18 வயதுக் குகேஷ். 55ஆம் நகர்வில் டிங் தவறிழைக்க, 58 நகர்வுகளில் குகேஷ் வென்று உலக வெற்றியாளரானார். ஆனந்த் தடுமாறாது எதிர்கொண்ட முறையை, ஆனந்தின் ஊரவர் முறியடித்தார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, ஓர் அறிவின் தோற்றம் பெரும்பாலும் ஓரிடத்துக்கோ ஒருவருக்கோ உரியதன்று. கல்கத்தாவின் வழக்கமும் ஐரோப்பாவின் கோட்பாடும் கூடியே பக்கவாட்டுத் தொடக்கம் இன்றைய வடிவம் பெற்றது. ஆகவே ரெற்றியின் புகழைக் குறைத்து மகேசசந்திரரை உயர்த்த வேண்டியதில்லை. அவரை அடைமொழியிலிருந்து விடுவித்து, பெயருடைய ஒரு மனிதராக வரலாற்றில் அமர்த்தினாற் போதுமானது. இரண்டாவது, திறமை இருந்தும் பதிவு இல்லாத மக்களின் சாதனை பிறர் பெயரில் வாழ நேரும். மகேசசந்திரருக்கும் ஆனந்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் திறமையால் மட்டும் விளக்க முடியாது. எழுதுகோல் எவர் கையில் இருந்தது என்பதையும் கருத வேண்டும்.

இவ்விரண்டாம் முடிவு மலையகத்து மாணவர்க்கு நேராகவே பொருந்துவது. தோட்டத்துச் செக்றோலில் ஒருவருடைய பெயர் அவர் செய்த நாட்கூலியின் கணக்குக்காக எழுதப்பட்டது. அவர் அறிந்தவற்றை எழுத அதில் நிரல் இல்லை. லயங்களின் வாசலில் சிறுவரும் முதியோரும் ஆடும் ஆட்டங்களும், அவற்றின் விதிகளும், தோட்டங்களுக்கு மக்கள் இட்ட பெயர்களும், அப்பெயர்களுக்குரிய காரணங்களும் இன்னும் பெரும்பாலும் நாவிலேயே உள்ளன. அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே அவற்றைக் கேட்டு, கூறியவர் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் எழுதி வைத்தல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் கடனாகும். விடுமுறையில் வீடு திரும்பும் ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டுடன் சென்றால், அப்பணி இவ்வாண்டிலேயே தொடங்கிவிடும்.